பனி அரங்குக்குப் பொம்பிளை பார்க்கப் போனது

தம்பி,

இதை நின்றுகொண்டு வாசிக்காதே. வேலையால் வந்த கையோடு சப்பாத்தும் கழற்றாமல் தபாலை உடைக்கிற பழக்கம் உனக்கு. முதலில் ஏதாவது சாப்பிடு, பிறகு கதிரையில் இரு. செத்தவீட்டுச் செய்தி ஒன்றும் இல்லை. அப்பா சுகம், கார் சுகம், என் இடது கை மட்டும் மாவுக்கட்டுக்குள் கிடக்கிறது. ரெலிபோனில் "ஈரத்தில் வழுக்கிப்போட்டன்" என்று சொன்னேன் அல்லவா, அது பொய் இல்லை. ஈரம்தான். அந்த ஈரம் உறைந்து கிடந்தது என்பதையும், அதன்மேல் ஒரு கூட்டம் பெண்பிள்ளைகள் தடியும் கையுமாய் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மட்டும் சொல்லாமல் விட்டேன்.

ரெலிபோனில் என்றால் நீ "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்று குறுக்கே விழுவாய். கடிதத்துக்குக் குறுக்கே விழ உன்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன். தை மாதம் உனக்கும் அஷ்வினிக்கும் கல்யாணம் என்று, நாங்கள் இன்னும் முறையாய்ப் பொம்பிளை பார்க்கப் போகாமலே, நீ மண்டபமும் பேசிவிட்டாய். கல்யாணத்தோடு அவள் ஐஸ் ஹொக்கியை விட்டுவிட வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "அம்மா பயந்தவ, அம்மா தாங்கமாட்டா" என்று என்னைச் சாட்டியிருக்கிறாய். அவள் இன்னும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.  இந்தக் கல்யாணம் நடக்குமோ நடக்காதோ என்று யோசித்து யோசித்துத் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன், அந்த மனுசனும் பேசாமல் குடித்தார். கிறைஸ்ட்சேர்ச்சில் இருந்து நீ சொன்ன கதை ஒக்லாந்து நியூ லின்னில் இருக்கிற எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றுதானே யோசிக்கிறாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும்.

போன மாரி தொடங்கும்போது நீ இங்கே வந்து, குசினி வாசலில் நின்று, இங்கே ஒக்லாந்து யுனிவர்சிட்டியில் படிக்கிற ஒரு பிள்ளையை விரும்புகிறேன், பீஜிக்காரர், பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன ஆட்கள், யுனிவர்சிட்டிப் பெண்கள் அணியில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னாய். சொல்லிவிட்டு அடுத்த நாளே வேலை என்று விமானம் ஏறிவிட்டாய். நான் "பாப்பம்" என்றேன். அந்த "பாப்பம்" உனக்குச் சம்மதமாய்க் கேட்டது, அப்பாவுக்கு மறுப்பாய்க் கேட்டது. எனக்கு அதில் ஒரு கருத்தும் இல்லை, உழுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் ஒடாஹுஹுவில் மிளகாய்த்தூள் வாங்கப் போன இடத்தில், யாரென்று சொல்லமாட்டேன், உனக்கு ஏடு தொடக்கின கிழமை வந்து பால்ரொபி முழுவதையும் தின்ற மனுசி, அரிசி மூட்டைக்குப் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டது. "உங்கடை மகன் கட்டப்போற பகுதி ஆக்கள் நெருப்பு மிதிக்கிறவையாம், மெய்யே?" என்று கேட்டது. விசாரித்தால் மெய்தான். அஷ்வினியின் தகப்பன் பாபகூராவில் இடிபட்ட கார் தட்டி நிமிர்த்துகிறவர், வருடா வருடம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். தகப்பன் நெருப்பில் நடக்கிறார், மகள் பனியில் நிற்கிறாள். இரண்டுக்கும் நடுவில் சம்பந்தியாய் நான் எங்கே நிற்பது என்று அன்று முழுவதும் யோசனை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. முறையாய்ப் பொம்பிளை பார்க்கப் போவதற்கு முன்னால், ஒருதருக்கும் சொல்லாமல் ஒரு தரம் ஒளித்துப் பார்ப்பது. கோயிலிலோ, பஸ் நிற்கிற இடத்திலோ, வேறு யாருடையவோ கல்யாணவீட்டிலோ பிள்ளை தன்பாட்டில் நிற்கும்போது பார்த்தால்தான் குணம் தெரியும் என்பார்கள். என்னை அப்பாவின் அக்கா, உன் பெரிய மாமி, அப்படித்தான் தையல் வகுப்பில் வந்து பார்த்தவ. புதிதாய்ச் சேர வந்த ஆள் மாதிரி எனக்குப் பக்கத்தில் இருந்து நூல் கோத்துத் தந்தவ. வீட்டில் போய், பெட்டைக்கு பட்டன் தைக்கத் தெரியாது, ஆனால் வாய் இருக்கிறது என்று சொன்னவவாம். அந்த வாயால்தான் கல்யாணம் பொருந்தினது என்று அப்பா இப்பவும் சொல்லித் திரிகிறார். ஆக, நானும் என் மருமகளை ஒளித்துப் பார்ப்பது என்று முடிவு கட்டினேன்.

அவர்கள் விளையாடுகிற அந்தப் பனி அரங்கு எங்கள் வீட்டிலிருந்து காரில் கிட்ட. சனிக்கிழமை விடிய, மற்றச் சனம் சறுக்க வருவதற்கு முன்னால், இவர்களுக்கு நேரம் கொடுப்பார்களாம். அப்பா கொண்டுபோய் இறக்கிவிட்டு, காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, "வெளியிலை இருக்கிற குளிர் காணாதெண்டு உள்ளுக்கு வேறை குளிரோ" என்றார். நான் சேலை, சேலைக்கு மேல் இரண்டு கார்டிகன், காலில் அப்பாவின் கம்பளிச் சொக்ஸ் என்று ஒரு கோலத்தில் போய் மரப்படியில் இருந்தேன். பார்த்தால், தம்பி, அங்கே பிள்ளைகளே இல்லை. மெத்தை கட்டின அலுமாரிகள் ஓடித் திரிகின்றன. தலைக்கு மேல் கவசம், முகத்துக்குக் கூடு, தோளில் பலகை, காலில் பலகை. ஒளித்துப் பார்க்க வந்தது நான், ஆனால் ஒளித்து நிற்கிறது அவர்கள். யாழ்ப்பாணத்தில் பொம்பிளை பார்த்த எந்தக் கிழவிக்கும் வராத சோதனை எனக்கு வந்தது. நீயாவது அவள் எந்த இடத்தில் நிற்கிறவள் என்று சொல்லியிருக்கலாம். விளையாடுகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த நேரம் மனேஜர் பிள்ளை ஒருத்தி வந்து, நீங்கள் யாருடைய அம்மா என்று கேட்டாள். என்ன சொல்வது? "எல்லாருக்கும்தான்" என்று சிரித்து மழுப்பினேன். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியானால் ஒரு உதவி செய்யுங்கள் ஆன்ரி, தண்டனைப் பெட்டிக் கதவுக்கு ஆள் இல்லை என்றாள். அது என்னவென்றால், ஆட்டத்தில் குழப்படி செய்கிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடித்து இருத்துகிற ஒரு கூடு. பனித்தளத்தின் ஓரமாய் இருக்கும். பிள்ளை வரும்போது கதவைத் திறக்க வேண்டும், நேரம் முடிந்ததும் திறந்து விட வேண்டும். மாட்டுப்பட்டி வேலைதான். பொம்பிளை பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியாதபடியால் ஓம் என்றேன். அப்படித்தான் உன் அம்மா ஒக்லாந்தில் ஐஸ் ஹொக்கி உத்தியோகத்தரானாள்.

அந்தப் பெட்டிக்கு அடிக்கடி வந்தவள் ஒரே ஒருத்தி. கவசத்துக்குக் கீழே நீட்டுப் பின்னல், இடுப்பு வரைக்கும். கூட்டுக்குள்ளால் தெரிந்த கன்னம் நம் நிறம். எனக்குக் கணக்குச் சரியாய் வந்துவிட்டது. இவள்தான். தம்பி, நான் பட்ட பாட்டைக் கேள். என் வருங்கால மருமகள் மற்றவர்களை விழுத்திவிட்டு, பெரிய வீரம் செய்தவள் மாதிரி வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்து பல்லைக் காட்டுகிறாள். ஒரு நாள் எதிர் அணிக்காரியைக் காலில் தடியைக் கொடுத்து விழுத்தினாள், இன்னொரு நாள் நடுவரோடு வாய் காட்டினாள். நான் தேசிக்காய் இனிப்பு ஒன்றைக் கொடுத்து, பிள்ளை, கொஞ்சம் பொறுமை வேண்டும், நாளைக்கு இன்னொரு வீட்டில் வாழப் போகிறவள் என்று ஆங்கிலத்தில் புத்தி சொல்வேன். அவள் இனிப்பைச் சப்பிக்கொண்டு "ஷுவர், ஆன்ரி" என்பாள், கதவு திறந்ததும் போய் இன்னொருத்தியை விழுத்துவாள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எப்படி என்று கேட்டால், "வடிவு. நல்ல பின்னல். ஆனா மகனுக்கு அடிப்பாள்" என்பேன். அப்பா, "அடிக்க ஒராள் வேணும்தானே" என்பார்.

அணியும் அப்போது தோற்றுக்கொண்டே இருந்தது. பெண்கள் அணி என்று இந்த ஊரில் ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான். ஆள் கிடைக்காத கிழமைகளில் பள்ளிக்கூடப் பெடியன்களோடும், தொந்தி வைத்த ஆம்பிளையளோடும் விளையாடித் தோற்பார்கள். தோற்றுவிட்டு, சிரித்துச் சிரித்து ஈரச் சொக்ஸ் பிழிவார்கள்.  அவர்கள் தடியால் அடிக்கிற அந்தக் கறுப்பு வட்டு பலகைச் சுவரில் மோதுகிற சத்தம் இருக்கிறதே, அதற்கு நான் ஒவ்வொரு தரமும் குனிந்தேன். என்னத்துக்குக் குனிகிறேன் என்று அந்தப் பிள்ளைகளுக்கு விளங்காது. உனக்கு விளங்கும். குனிந்து பழகின ஆட்கள் நாங்கள்.

ஒரு சனிக்கிழமை நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன். ஆட்டம் முடிந்ததும் பின்னல்காரியிடம் ரோல்ஸ் பெட்டியை நீட்டி, மெதுவாய், உன் அப்பாவுக்குப் பாபகூராவில் கராஜாமே என்று கேட்டேன். அவள் வாய் நிறைய ரோல்ஸோடு, இல்லையே ஆன்ரி, என் அப்பா ரொட்டோருவாவில் மரலொறி ஓடுகிறவர், கராஜ் அஷ்ஷின் அப்பாவுக்கு என்றாள். அவளுடைய பெயர் மேரேயாம், மாஓரிப் பிள்ளை. நான் இத்தனை கிழமையும் வளர்த்து எடுத்தது வேறு யாருடையவோ மருமகளை. மேரே திரும்பி "அஷ்!" என்று ஒரு கத்துக் கத்தினாள். வலைக்கு முன்னால் கோல் காத்து நிற்கிற அந்தப் பெரிய மெத்தை, ஒருநாளும் என் பெட்டிப் பக்கம் வராதது, தவண்டு தவண்டு வந்து முகக்கூட்டைத் தூக்கியது. பெடியன் மாதிரி ஒட்ட வெட்டின தலை. வேர்த்து ஒட்டின முகம். நாடியில் பிளாஸ்ரர். அதுதான் அஷ்வினி.

அவள் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள், யோசித்தாள், இன்னொன்றை எடுத்தாள். பிறகு மரியாதையாய் ஒன்று சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்: "நல்ல ருசி ஆன்ரி. உறைப்புத்தான் கொஞ்சம் காணாது." யாழ்ப்பாணத்துக்காரியின் முகத்துக்கு நேரே உறைப்புக் காணாது என்று சொன்ன முதல் மனுசப் பிறவி அவள்தான். அடுத்த கிழமை பழிவாங்குகிற எண்ணத்தோடு பச்சைமிளகாயை அள்ளிப் போட்டுச் சுட்டேன். மேரே தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள். அஷ்வினி நாலு சாப்பிட்டுவிட்டு, இப்ப சரி என்றாள். உன் அப்பாவுக்குச் சொன்னேன், பின்னல் போனது போகட்டும், இந்தத் தலை எனக்குச் சம்மதம் என்று.

நான் யார் என்று அவளுக்குச் சொல்லவில்லை. ஒளித்துப் பார்க்கிறது என்றால் கடைசி வரைக்கும் ஒளித்துத்தானே பார்க்க வேண்டும். நான் வெறும் ஆன்ரி. ஆட்டம் முடிய என்னோடு வந்து இருப்பாள். படிப்பைப் பற்றிக் கதைப்பாள், தகப்பன் தீ மிதிக்கும்போது தான் கண்ணை மூடிக்கொள்வதைப் பற்றிக் கதைப்பாள். ஒரு நாள், அணி ஒருவழியாய் வெல்லத் தொடங்கியிருந்த நேரம், சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவள் தன்பாட்டில் சொன்னாள், இதுதான் தன் கடைசி வருடமோ தெரியாது என்று. ஏன் என்றேன். "நான் கட்டப் போகிறவருடைய அம்மா சரியான பயந்த மனுசியாம். நான் கோலில் நிற்கிறதைப் பார்த்தால் விழுந்துவிடுவாவாம். அவவுக்காக விடச் சொல்கிறார்." இதைச் சொல்லிவிட்டு சிப்ஸ் பையை என் பக்கம் நீட்டினாள்.

தம்பி, அந்தச் சிப்ஸ் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் முகத்துக்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்கிறாள், நான் "ஐயோ பாவம், யாரோ அந்த மனுசி" என்கிற மாதிரித் தலையாட்டுகிறேன். அன்றே உனக்கு ரெலிபோன் எடுத்திருப்பேன். எடுத்தால், இது உங்களுக்கு எங்கே தெரியும் என்று கேட்பாய். பெட்டிக்குள் இருந்து கேட்டேன் என்றா சொல்வது? அப்படியே விழுங்கிக்கொண்டு கிழமைக்குக் கிழமை போனேன். கோபமும் வந்தது. பிறகு யோசித்தால், இந்த வித்தையை உனக்கு யார் பழக்கினது?

நாங்கள் இங்கே வந்த முதல் கோடை ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நீந்தப் பழக்கினார்கள். முதல் நாள் நான் துவாயையும் பிடித்துக்கொண்டு, சேலையோடு, குளத்தின் விளிம்பில் போய் நின்றேன். உன் தலை தண்ணீருக்குள் போனதும் எனக்கு உயிர் போனது. இரண்டாம் நாள் ரீச்சரிடம் போய், பிள்ளைக்குக் காதில் வருத்தம், தண்ணீர் படக்கூடாது என்று சொன்னேன். உன் காதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் என் நெஞ்சில். எனக்குப் பயமாய் இருக்கிறது என்று அந்த வெள்ளைக்காரப் பிள்ளையிடம் சொல்ல வெட்கமாய் இருந்தது, அதனால் உன் காதைச் சாட்டினேன். மற்றப் பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்க, நீ கரையில் வாங்குப் பலகையில் இருந்து எல்லாருடைய துவாயையும் காவல் காத்தாய். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் வளர்ந்து உனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்காலளவில் நிற்கிறாய். அன்றைக்கு நான் உன் காதைச் சாட்டினேன், இன்றைக்கு நீ என் நெஞ்சைச் சாட்டுகிறாய். நல்ல பிள்ளைதான் வளர்த்திருக்கிறேன்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். ஒருதரும் எதிர்பார்க்கவில்லை, இந்த அணி இறுதிக்கு வந்துவிட்டது. அஷ்வினிதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். அரங்கில் சனம் என்றால், மற்ற நாள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர்; அன்றைக்கு இருக்க இடம் இல்லை. அப்பாகூட உள்ளே வந்தார். இரண்டு பக்கமும் சமமாய் நின்றது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிர் அணிக்காரி ஒருத்தி கிட்ட வந்து வட்டை அடித்தாள். அது அஷ்வினியின் முகக்கூட்டில் பட்டு, கோயில் மணியைச் சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அவள் மல்லாக்க விழுந்தாள். அசையவில்லை.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கே பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கதவைத் திறந்தேன். உள்ளே இருக்கிற பிள்ளையை வெளியே விடுவதற்கு என்று தந்த கதவு, அதைத் திறந்து நானே பனிக்குள் இறங்கினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ பிள்ளை" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினேனாம். ஓடினேன் என்பதும் பெரிய வார்த்தை. இரண்டு அடி ஓடினேன், மிச்சத் தூரம் இருந்த இருப்பில் சறுக்கிக்கொண்டு போனேன். இடது கை எனக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது.

நான் காணாத விஷயம் இதுதான். விழுந்த அடுத்த கணமே அஷ்வினி கையை உயர்த்தி, எனக்கு ஒன்றும் இல்லை, விளையாடுங்கள் என்று நடுவருக்குக் காட்டியிருக்கிறாள். முகக்கூட்டில் பட்டுத் தெறித்த வட்டு மேரேக்குப் போயிருக்கிறது. மேரே மறிக்க ஒருதரும் இல்லாமல் மற்றக் கரை வரைக்கும் தனியே ஓடி, வட்டை வலைக்குள் போட்டும்விட்டாள். ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடுவர் விசில் அடித்துவிட்டார், பனியின் நடுவில் ஒரு மனுசி சேலையோடு இருந்தபடியால். கோல் செல்லாது. பிறகு எதிர் அணி ஒன்று போட்டது. எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். அந்தப் பருவம் முழுவதும், அவ்வளவு பலகையும் தடியும் இரும்பும் இருந்த இடத்தில், முறிந்தது ஒரே ஒரு எலும்பு. அது என்னுடையது.

மேரே வந்து என் பக்கத்தில் குந்தினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும். "ஆன்ரி, பெட்டிக்குள்ளை போய் இருங்கோ, இரண்டு நிமிசம் தண்டனை" என்று பகிடி விட்டாள், ஆனால் கண் சிவந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு வயதான பிறகும் அந்தக் கோல் ஞாபகம் இருக்கும். என்னுடைய பயம் அதை விழுங்கிவிட்டது. பயம் என்றால் பாசம் என்று நினைத்து இவ்வளவு காலம் நான் மார் தட்டினேன், தம்பி. அது பாசமாகவும் இருக்கலாம். அன்றைக்குப் பனியில் இருந்துகொண்டு பார்த்தபோது அது எனக்கு அவ்வளவு வடிவாய்த் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அஷ்வினியும் காரில் வந்தாள், பாதிப் பலகையைக் கழற்றியும் பாதியைக் கழற்றாமலும். அப்பா கார் விட இடம் தேடிப் போய்விட்டார். நேர்ஸ் பிள்ளை வந்து, கூட வந்த நீங்கள் இவவுக்கு என்ன முறை என்று அவளைக் கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் அவள் சொன்னாள், இவ நான் கட்டப் போகிறவருடைய அம்மா என்று.

கை நோவு எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. எப்ப தெரியும் என்று கேட்டேன். இரண்டாம் கிழமையே தெரியுமாம். உன் அறையில் மேசைக்கு மேலே என் படம் இருக்கிறதாம், அதிலும் இதே கார்டிகனாம். பிறகேன் சொல்லவில்லை என்றேன். சிரித்தாள். "நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். நானும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள். பெரிய மாமிக்கே இப்படி ஒருத்தி வாய்த்திருக்கமாட்டாள்.

சிரிப்பு முடிந்ததும் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, சிப்ஸ் சாப்பிட்ட அன்றைக்குக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதைக் கேட்டாள். "நான் விளையாடக்கூடாது என்று நீங்கள் சொன்னீர்களா?"

நான் பொய் சொல்லப் பழகினவள், உனக்குத் தெரியும். அந்த இடத்தில் வரவில்லை. "சொல்லேல்லை பிள்ளை. ஆனா கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன்.

அவள் தனக்கு அது போதும் என்றாள். பிறகு சொன்னது உன்னைப் பற்றி, அதனால் கவனமாய் வாசி. "அவருக்குப் பயம் என்றால் அதோடு நான் கதைக்கலாம். சண்டை பிடிக்கலாம், ஒருவேளை விட்டும் கொடுக்கலாம். அங்கே இல்லாத ஒரு ஆளின் பயத்தோடு நான் எப்படிக் கதைக்கிறது?" கல்யாணம் செய்தால் கிறைஸ்ட்சேர்ச்சுக்கு வருவாள்தான். அங்கேயும் ஒரு பனி அரங்கு இருக்கிறதாம், அங்கேயும் கோலுக்கு ஆள் தேடுகிறார்களாம், எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். உன் வாயால் உன் எண்ணத்தைக் கேட்க மட்டும் காத்திருக்கிறாள். கேட்காமல் தை மாதத்துக்குள் காலடி வைக்கமாட்டாள் என்று அந்த முகத்தில் எழுதியிருக்கிறது. முகக்கூடு இல்லாமல் பார்த்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

உனக்கு என்ன பயம் என்று நான் கேட்கமாட்டேன். அடிபடுவாள் என்று பயமோ, உன் நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள் என்று பயமோ, ஒரு நாள் உன்னை விட அவள் அந்தக் கோலை விரும்புவாள் என்று பயமோ, அது உன் வயிற்றில் இருக்கிற சங்கதி. எதுவென்றாலும் வெட்கப்படாதே. பயந்த ஆட்களின் வீட்டில்தான் நீ பிறந்தாய். ஆனால் அதை உன் பெயரில் சொல்லு. என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடு. எனக்குப் பயம் இல்லாமல் போகவில்லை, இப்பவும் அந்த மணிச் சத்தம் காதுக்குள் கேட்கிறது, வருகிற மாரியிலும் கேட்கப் போகிறது. நீ அவளைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நான் அரங்குக்குப் போவேன். மனேஜர் பிள்ளை இன்னும் என்னை வரச் சொல்கிறாள், கதவுக்கு ஒரு பூட்டுப் போடுகிறதாய் மட்டும் சொன்னாள்.

வருகிற ஞாயிறு மத்தியானம் அஷ்வினி சாப்பிட வருகிறாள், முதல் தரம் வீட்டுக்கு, ஆன்ரியாய் இல்லாமல் உன் அம்மாவாய் என்னைப் பார்க்க. ஒரு கையால் சமைக்க ஏலாது, அப்பா வெங்காயம் வெட்டுவார். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன்னிடம் வந்துவிடும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். வெள்ளி இரவும் உனக்கு இருக்கிறது, சனி முழுவதும் இருக்கிறது. அவளுக்கு ரெலிபோன் எடு. எடுக்காவிட்டால் நான் உனக்காக ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன், சமாளிக்கவும் மாட்டேன். சோறு போடும்போது அவள் கேட்டால், இன்னும் எடுக்கவில்லைப் பிள்ளை என்று மட்டும் சொல்வேன்.

அம்மா